தகரக் கூரையின் கீழ் ஒரு மியூவான் கணக்கு

சுங்கை சிப்புட்டில் பாட்டி வீட்டுத் தையல் இயந்திரத்தின் மேல் வைத்திருந்த பெட்டி, பிற்பகல் மூன்று மணிக்கு நிமிடத்துக்கு 37 என்றும் அதிகாலை மூன்று மணிக்கு நிமிடத்துக்கு 23 என்றும் எண்ணிக் காட்டியது. இளங்கலை இறுதியாண்டில் என் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறிகளும் போட்டிருக்கிறேன். பகலில் கூடுகிறது, இரவில் குறைகிறது. ஆகவே சூரியனுக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அன்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கை மூன்று நாள் நீடித்தது. எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ என்ற நுண்துகளின் இயற்பியலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது எப்படி இருக்கும் என்று கேட்கும் ஊர்த் தம்பி தங்கைகளுக்கு அந்த மூன்று நாள் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அது ஒரு பிஸ்கட் டின் அளவுப் பெட்டி. உள்ளே 5 சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டு ஒளிர் பிளாஸ்டிக் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. சிண்டிலேட்டர் எனப்படும் இந்தப் பிளாஸ்டிக்கின் ஊடே மின்னூட்டமுள்ள துகள் ஒன்று பாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு மினுக்கு ஒளி எழும். அதைப் பிடிக்க ஒவ்வொரு துண்டிலும் நகக்கண் அளவு சிலிக்கன் ஒளியுணரி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. வெளிச்சம் புகாதபடி கறுப்பு ஒயர் டேப்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தேன். இரண்டு துண்டுகளும் ஒரே நேரத்தில் மினுங்கினால் மட்டும் எண்ணிக்கையில் ஒன்று ஏறும். எலக்ட்ரானின் கனமான உறவான மியூவான் என்ற மின்னூட்டத் துகள் ஒன்று வானிலிருந்து இறங்கி மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் ஊடுருவிப் போனது என்று அதற்குப் பொருள்.

நியூட்ரினோ படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மியூவானை ஏன் எண்ண வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பாட்டி வீட்டுக் கூடத்தில் நியூட்ரினோவை எண்ண முடியாது என்பது முதல் காரணம். இரண்டும் உடன்பிறப்புகள் என்பது இரண்டாவது காரணம். விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்கரு ஒன்றில் மோதும்போது பையான்கள் என்ற அற்பாயுள் துகள்கள் பிறக்கின்றன. ஒவ்வொரு மின்னூட்டப் பையானும் சிதைந்து ஒரு மியூவானையும் ஒரு மியூவான் நியூட்ரினோவையும் தருகிறது. மியூவான் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு என் பெட்டியில் ஓர் எண்ணாகப் பதிவாகிறது. அதனுடன் பிறந்த நியூட்ரினோவோ பெட்டியையும் தையல் இயந்திரத்தையும் சிமெண்டுத் தரையையும் பூமி முழுவதையும் கடந்து, நேர்செங்குத்தாக வந்திருந்தால், ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் எக்குவடோர், பெரு நாடுகளின் எல்லைப் பக்கம் வெளியேறிவிடுகிறது. மூன்றாவது காரணம் மிக முக்கியமானது: உலகில் எங்கே நியூட்ரினோக் கருவி வைத்தாலும் முதல் பகை மியூவான்தான்; அரிதாக வரும் நியூட்ரினோவின் சுவட்டை ஓயாமல் வரும் மியூவான் மறைத்துவிடும். பகையை அறியாமல் இந்தத் துறையில் ஒரு பக்கம்கூட நகர முடியாது.

நியூட்ரினோவுக்கென்று ஒரு பட்டப்படிப்பு மலேசியாவில் கிடையாது. இயற்பியல் பட்டத்துக்குள் அணுக்கரு, துகள் இயற்பியல் பாடங்களைத் தேர்ந்தெடுத்து, இறுதியாண்டுத் திட்டத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆறாம் படிவம் முடித்தபோது, கணக்கியல் எடுத்தால் ஈப்போவிலேயே வேலை கிடைக்கும் என்று எனக்கு ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது பொய்யில்லை. இயற்பியலில் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் நியூட்ரினோ என்ற சொல்லையே அதிகம் கேட்க மாட்டார்கள். நேரியல் இயற்கணிதம், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல், கணினி நிரலாக்கம் ஆகிய நான்கும் கைக்கு வந்த பிறகே மற்றவை. இந்த நான்கில் நம் மாணவர்கள் அலட்சியம் செய்வது புள்ளியியலை. நானும் அப்படித்தான் இருந்தேன், 37ஐயும் 23ஐயும் பார்க்கும் வரையில்.

நியூட்ரினோ பிறந்ததே ஒரு கணக்குப் பிசகிலிருந்துதான். அணுக்கரு ஒன்று எலக்ட்ரானை உமிழ்ந்து வேறொன்றாக மாறுவது பீட்டா சிதைவு. அதில் வெளிவரும் எலக்ட்ரான் எப்போதும் ஒரே ஆற்றலோடு வர வேண்டும். ஆனால் சுழியம் தொடங்கி ஓர் உச்ச வரம்பு வரை எல்லா ஆற்றலிலும் வருகிறது என்று ஜேம்ஸ் சாட்விக் 1914இல் காட்டினார். மீதி ஆற்றல் எங்கே போகிறது? ஆற்றல் அழிவின்மை விதியையே கைவிடலாமா என்று நீல்ஸ் போர் போன்ற பெரியவர்கள்கூட யோசித்த நேரத்தில், வொல்ஃப்காங் பாவ்லி 1930 டிசம்பர் 4ஆம் தேதி, டூபிங்கன் நகரில் கூடியிருந்த கதிரியக்க ஆய்வாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பி, கண்ணுக்குப் படாத, மின்னூட்டமில்லாத ஒரு துகள் அந்த மீதியை எடுத்துச் செல்கிறது என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். சூரிக்கில் ஒரு நடன விருந்து இருப்பதால் தம்மால் நேரில் வர இயலவில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார். கைக்கணக்கில் ஐந்து வெள்ளி குறைந்தால், கண்ணுக்குத் தெரியாத யாரோ எடுத்துவிட்டார் என்று எழுதிவைப்பதற்கு ஒப்பான துணிவு இது. நாங்கள் பள்ளியில் எழுதிப் பழகிய பீட்டா சிதைவுச் சமன்பாட்டில் நியூட்ரினோ இல்லை. நியூட்ரான் போய்ப் புரோட்டானும் எலக்ட்ரானும் வரும், அவ்வளவுதான். அந்தச் சமன்பாட்டில் ஆற்றல் சரியாக வருகிறதா என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அந்த யாரோ ஒருவரைக் கையும் களவுமாகப் பிடிக்க 26 ஆண்டுகள் ஆயின. ஃபிரெடரிக் ரைன்ஸும் கிளைட் கவனும் 1956இல் அமெரிக்காவின் தென் கரோலைனாவில் சவன்னா ரிவர் அணுவுலையிலிருந்து 11 மீட்டர் தள்ளி, தரைக்கு 12 மீட்டர் கீழே, காட்மியம் குளோரைடு கரைத்த தண்ணீர்த் தொட்டிகளை வைத்தார்கள். உலையிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோ தண்ணீரின் புரோட்டான் ஒன்றில் பட்டால் எலக்ட்ரானின் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானும் ஒரு நியூட்ரானும் தோன்றும். பாசிட்ரான் உடனே அழிந்து ஒரு மினுக்கைத் தரும். நியூட்ரான் சில மைக்ரோவிநாடி அலைந்து திரிந்துவிட்டுக் காட்மியத்தில் சிக்கி இன்னொரு மினுக்கைத் தரும். முதல் மினுக்கு, சிறு இடைவெளி, இரண்டாம் மினுக்கு என்ற இந்தத் தாளம் வந்தால் மட்டும் எண்ணினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மணிக்கு ஏறத்தாழ மூன்று. உலை நின்றிருக்கும்போதும் எண்ணிப் பார்த்து வேறுபாட்டைக் காட்டிய பிறகுதான் உலகம் நம்பியது. ஒரு மினுக்கை நம்பாதே, இரண்டு மினுக்குகளுக்கு இடையிலுள்ள உறவை நம்பு என்ற அந்த முறையைத்தான் என் பிஸ்கட் டின்னும் எளிய வடிவில் செய்துகொண்டிருந்தது.

இனி என் பிசகுக்கு வருகிறேன். பகலில் 37, இரவில் 23 என்று மேற்பார்வையாளருக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். சூரியப் புயல், காந்தப்புலம், நாம் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பது என்று கைக்கு வந்ததையெல்லாம் அதில் எழுதியிருந்தேன். கடைசியாகச் சொன்னது உண்மையே. தென்கிழக்காசியா காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் ஆற்றல் குறைந்த விண்கதிர்கள் இங்கே திருப்பிவிடப்படுகின்றன, ஆகவே துருவப் பகுதிகளைவிட நமக்கு மியூவான் சற்றுக் குறைவு. ஆனால் அதற்கும் பகலிரவுக்கும் சம்பந்தமில்லை. அவரிடமிருந்து ஒரே ஒரு வரி பதிலாக வந்தது: அறையின் வெப்பநிலை என்ன?

தகரக் கூரை வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். அதிகாலையில் 25 பாகையாக இருக்கும் கூடம் பிற்பகலில் 35ஐத் தாண்டும். சிலிக்கன் ஒளியுணரி இருட்டிலும் சும்மா இருப்பதில்லை. வெப்ப அசைவால் தானாகவே துடிக்கும். வெப்பநிலை எட்டு, பத்துப் பாகை ஏறினால் இந்தப் பொய்த் துடிப்பு இரட்டிப்பாகும். எதையும் தவறவிடக் கூடாது என்ற பேராசையில் எவ்வளவு சிறிய துடிப்பு வரை எண்ணலாம் என்ற நுழைவு வரம்பை நான் மிகத் தாழ்வாக வைத்திருந்ததால், இரவில் ஒவ்வொரு துண்டும் விநாடிக்கு ஏறத்தாழ 200 முறை துடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரு மைக்ரோவிநாடிக்குள் துடித்தால் ஒரே நேரம் என்று என் நிரல் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் மியூவான் எதுவும் வராமலே, வெறும் தற்செயலாக இரண்டும் சேர்ந்து துடிப்பது எத்தனை முறை நடக்கும்? இரண்டு வீதங்களையும் பெருக்கி, கால இடைவெளியால் பெருக்கி, இரண்டால் பெருக்க வேண்டும். கிடைப்பது விநாடிக்கு 0.08, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5. பகலில் இரண்டு வீதமும் இரட்டிப்பானால் பெருக்கல் நான்கு மடங்காகி நிமிடத்துக்கு 19 ஆகிறது. 37இல் 19 போனால் 18. 23இல் 5 போனால் அதுவும் 18. சூரியனும் இல்லை, புயலும் இல்லை.

தாளில் சரியாக வந்துவிட்டது என்பதற்காக விட்டுவிட முடியாது; அளந்து காட்ட வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கீழ்த் துண்டின் துடிப்பைப் பத்து மைக்ரோவிநாடி தாமதப்படுத்தி, பிறகு மேல் துண்டோடு ஒப்பிட வேண்டும். உண்மையான மியூவான் இரண்டையும் ஒரே நொடிப்பொழுதில் கடந்திருக்கும், ஆகவே இப்போது அது எண்ணப்படாது. தற்செயலுக்கு மட்டும் தாமதம் ஒரு பொருட்டில்லை. அது முன்பு வந்த அதே வீதத்தில் இப்போதும் வரும். இரண்டு நாள் அப்படி ஓடவிட்டதில் பிற்பகலில் 19ஐ ஒட்டியும் இரவில் 5ஐ ஒட்டியும் கிடைத்தது.

அன்று மாலை பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாட்டி நாற்பது ஆண்டு கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். நிரை முடித்து, மங்குகளிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, பாரம் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனவர்.

"ஸ்டோர்ல கிராணி வாளிய அளந்து எழுதுவாரு. அது சம்பளக் கணக்கு இல்ல," என்றார். "கொஞ்சூண்டு பால எடுத்து, ஆசிட் விட்டு ஒறைய வெச்சு, காய வெச்சு, அப்பறம் நிறுப்பாரு. மழ நாள்ல வாளி நெறஞ்சிருக்கும், காஞ்சா ஒண்ணும் இருக்காது."

"அதேதான் பாட்டி," என்றேன்.

"அப்ப நீ மூணு நாளா தண்ணிய எண்ணிக்கிட்டு இருந்திருக்க."

தோட்டத்துப் பாலில் காய்ந்த ரப்பர் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். மாதிரியை உறையவைத்துப் பார்க்கும் அந்தப் பழைய முறைக்கும் தாமதித்து எண்ணும் என் முறைக்கும் அடிப்படை ஒன்றே. ஆனால் ஸ்டோர்க் கணக்கில் இல்லாத ஒரு நுட்பம் இங்கே உண்டு. கழித்த தண்ணீர் முழுவதுமாகப் போய்விடுவதில்லை. ஒரு மணி நேரம் எண்ணினால் பகலில் மொத்தம் 2,220, தற்செயல் 1,140. இந்த இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 58, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று பிழை. இரவில் 1,380ஐயும் 300ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 41, நிமிடத்துக்கு 0.7. இரண்டு விடையும் 18தான். ஆனால் பகலின் 18 இரவின் 18ஐவிட மங்கலானது. கருவியைக் குளிர்விக்க வேண்டும், ஆழத்தில் புதைக்க வேண்டும், தூய்மையான பொருளால் செய்ய வேண்டும் என்று இந்தத் துறையினர் கோடிக்கணக்கில் செலவழிப்பதற்கு இந்த வர்க்கமூலமே காரணம். பின்னணியை, அதாவது வேண்டாத எண்ணிக்கையை, கழித்துக்கொள்ளலாம் என்று மெத்தனமாக இருந்தால் அதன் நடுக்கம் மட்டும் விடையில் தங்கிவிடும்.

இதே கணக்கைப் பெரிய அளவில் முப்பது ஆண்டு பார்த்தவர் ரேமண்ட் டேவிஸ். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், சலவைக் கடைகளில் பயன்படும் குளோரின் சேர்ந்த திரவம் 615 டன்னை ஒரு தொட்டியில் நிரப்பிவைத்தார். சூரிய நியூட்ரினோ ஒன்று குளோரின் அணுவில் பட்டால் அது ஆர்கானாக மாறும். அவருக்குக் கிடைத்தது சராசரியாக இரண்டு நாளைக்கு ஓர் ஆர்கான் அணு. ஜான் பாக்கால் போட்டுவைத்த சூரியக் கணக்கின்படி அதைப்போல் மூன்று மடங்கு வந்திருக்க வேண்டும். சூரியக் கணக்கு தவறு என்றார்கள் சிலர். டேவிஸ் அணுக்களைத் தவறவிடுகிறார் என்றார்கள் சிலர். இருவருமே தவறு செய்யவில்லை என்பது 2001, 2002ஆம் ஆண்டுகளில் கனடாவின் சட்பரி நிலத்தடி ஆய்வகத்தில், 1,000 டன் கனநீரைக் கொண்டு நிறுவப்பட்டது. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. சூரியனிலிருந்து எலக்ட்ரான் நியூட்ரினோவாகப் புறப்பட்டவற்றில் ஒரு பெரும் பங்கு மற்ற வகைகளாக மாறி வந்து சேர்கிறது. டேவிஸின் தொட்டிக்கு ஒரு வகை மட்டுமே தெரியும். அவருக்கு 2002இல் நோபெல் பரிசு கிடைத்தபோது வயது 88.

இந்த வகைமாற்றம்தான் பட்டப்படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றை எழுதிச் சுழற்றி, இரண்டு அலைகளைக் கூட்டினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் கணக்கு இது. குவாண்டம் இயக்கவியல் முதல் பருவம் முடித்த யாராலும் செய்ய முடியும். விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது எங்கள் கோயில் பஜனையின் பழைய ஆர்மோனியம். அதில் ஒரு சுரம் சற்று இறங்கியிருக்கும். சுருதிப் பெட்டியோடு சேர்த்து அந்தச் சுரத்தை அழுத்தினால் ஒலி ஏறி இறங்கி, ஏறி இறங்கி விம்மும். இரண்டு அதிர்வெண்ணும் ஒன்றாக இருந்தால் விம்மல் இல்லை. விம்மல் இருக்கிறது என்றால் வேறுபாடு இருக்கிறது. நியூட்ரினோ வகை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறையுள்ள மூன்று அலைகளின் கலவை. போகப் போக அலைகள் விலகி, வகை ஏறி இறங்குகிறது. நிறையே இல்லாவிட்டால் மூன்றும் ஒரே சுருதியில் போய்க்கொண்டிருக்கும், மாற்றமும் இருக்காது. ஆகவே வகைமாற்றத்தைப் பார்த்த உடனே நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று சொல்லிவிடலாம்.

அதைத் தெளிவாகக் காட்டியது ஜப்பானின் கமியோக்காவில், மலைக்குள் 1,000 மீட்டர் ஆழத்தில் 50,000 டன் தண்ணீரோடு இருக்கும் சூப்பர் கமியோக்காண்டே. என் பெட்டிக்கு மேலே 15 கிலோமீட்டரில் பிறக்கும் நியூட்ரினோ போன்றவைதாம் அங்கும் வருகின்றன. தலைக்கு மேலிருந்து வருபவை 15 கிலோமீட்டர் மட்டும் பயணம் செய்தவை. காலுக்குக் கீழிருந்து வருபவை பூமியின் மறுபக்கத்தில் பிறந்து ஏறத்தாழ 12,800 கிலோமீட்டர் கடந்தவை. வானம் எல்லாப் பக்கமும் ஒன்றுதான் என்பதால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஆனால் கீழிருந்து வரும் மியூவான் நியூட்ரினோக்கள் மேலிருந்து வருபவற்றில் பாதிதான் இருந்தன. 1998 ஜூனில் தக்கயாமா நகரில் நடந்த மாநாட்டில் தக்காக்கி கஜித்தா இதை அறிவித்தார். 2015இல் அவரும் சட்பரியின் ஆர்தர் மெக்டானல்டும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

விம்மல் வேறுபாட்டை மட்டுமே சொல்லும், சுரம் எது என்று சொல்லாது. நியூட்ரினோவின் உண்மையான நிறையை அறிய ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கட்ரின் என்ற கருவி டிரிட்டியம் என்ற கன ஹைட்ரஜனின் பீட்டா சிதைவை எடைபோடுகிறது. 2025இல் அது வெளியிட்ட உச்ச வரம்பு 0.45 எலக்ட்ரான்வோல்ட், எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் 200 டன் எடையுள்ள பெருங்கலம் செய்யப்பட்ட ஊரிலிருந்து கார்ல்ஸ்ரூ 400 கிலோமீட்டர்தான். ஆனால் சாலையில் கொண்டுவர முடியாத பருமன் என்பதால் 2006இல் டான்யூப் ஆற்றில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று ஐரோப்பாவையே சுற்றி, ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் பயணம் செய்து கொண்டுவந்தார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி சேற்றுச் சடக்கில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அப்பா தோட்டத்தையே சுற்றி வருவார்; இந்தக் கதையை அவர் மிகவும் ரசித்தார்.

சுரங்கம், சுரங்கம் என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். மியூவானைத் தடுக்கப் பாறைதான் மலிவான கூரை. இந்த வரலாற்றில் நம்மவர்கள் தொடர்பான ஒரு பக்கம் உண்டு. அது நம் ஊர்களில் பேசப்படுவதில்லை. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ முதன்முதலில் பதிவானது 1965இல், இரண்டு இடங்களில். ஒன்று ரைன்ஸின் குழு வேலை செய்த தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். மற்றொன்று கோலார் தங்கவயல். அங்கே தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே மும்பையின் டாடா ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து கருவி வைத்தன. அந்த ஆழத்தை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள், வட ஆர்க்காடு, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து போனவர்கள். அதே மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்தவர்கள் இங்கே காடழித்துக் கித்தா நட்டார்கள். என் கொள்ளுத்தாத்தா கப்பலேறாமல் ரயிலேறியிருந்தால் கோலாரில் பாறை உடைத்திருக்கலாம். அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. கட்டுரைகளின் தலைப்பில் ஆய்வாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. கூண்டில் ஏறி அந்த வெக்கைக்குள் இறங்கியவர்களின் பெயர்கள் இல்லை. அப்படிப் போடும் வழக்கம் எங்குமே இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் படிக்கும்போது கண் தேடத்தான் செய்கிறது.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலைக்குள் 50,000 டன் இரும்புக் கருவியை வைக்கும் திட்டத்துக்கு இந்திய அரசு 2015இல் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பினால் அது எழவில்லை. அந்தச் சமயத்தில் பரவிய செய்திகள் எங்கள் குடும்ப வாட்சப் குழுவுக்கும் வந்து சேர்ந்தன. நியூட்ரினோவினால் ஆபத்து என்று சொன்னவற்றை நான் ஒவ்வொன்றாக மறுத்தேன். சூரியனிலிருந்து மட்டும் விநாடிக்கு 65 பில்லியன் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தின் ஊடே, இரவிலும் பகலிலும், போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் மலையைக் குடைவதும், வெடி வைப்பதும், தண்ணீர் எடுப்பதும் வேறு கேள்விகள். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது யாரும் வந்து கேட்டுவிட்டு விற்கவில்லை என்ற அனுபவம் உள்ள எங்களுக்கு, அந்த ஊர் மக்கள் அந்தக் கேள்விகளைக் கேட்டது தவறாகப் படவில்லை. துகளைப் பற்றிய பயத்தையும் நிலத்தைப் பற்றிய கேள்வியையும் ஒன்றாகக் குழைத்ததால் இரண்டுக்குமே நேர்மையான பதில் கிடைக்காமல் போயிற்று.

மலேசியாவில் இருந்தபடியே நியூட்ரினோவுக்கு மிக அருகில் போக ஓர் இடம் உண்டு. பாங்கியில் 1982 முதல் இயங்கும் ஒரு மெகாவாட் ஆய்வு அணுவுலை. மூன்றாம் ஆண்டில் எங்களை அங்கே அழைத்துப் போனார்கள். குளம் போன்ற தொட்டியின் மேடையில் நின்று குனிந்து பார்த்தால், பல மீட்டர் தண்ணீருக்குக் கீழே உலையின் மையம் நீலமாக ஒளிர்கிறது. விரிவுரையாளர் எங்களை அங்கேயே கணக்குப் போடச் சொன்னார். ஒரு பிளவுக்கு 200 மெகா எலக்ட்ரான்வோல்ட், ஆறு எதிர்நியூட்ரினோ. ஒரு மெகாவாட்டுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 200,000 டிரில்லியன் எதிர்நியூட்ரினோ. ஐந்து மீட்டர் தூரத்தில் அதைப் பரப்பிப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 60 பில்லியன். ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் இந்தக் குளமும் 150 மில்லியன் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சூரியனும் என் மேல் ஏறத்தாழ ஒரே அளவைப் பொழிகின்றன என்று தெரிந்தபோது, குறிப்பேட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை நான் செய்த வீட்டுப்பாடங்களில் மிக நல்லது அதுதான்.

இப்போது முதுகலையில் என் வேலை கணினிக்குள்தான். சீனாவின் குவாங்டோங்கில் ஏறத்தாழ 700 மீட்டர் ஆழத்தில், 53 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அணுவுலைகளைப் பார்த்தபடி, ஜூனோ என்ற 20,000 டன் ஒளிர்திரவக் கருவி 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கியது. மூன்று நிறைகளில் எது கனம், எது இலேசு என்ற வரிசையைக் கண்டறிவது அதன் முதல் நோக்கம். நான் அந்தக் குழுவில் இல்லை. அவ்வகைக் கருவியில் மியூவான் பாய்ந்து கரி அணுக்கருக்களை உடைத்தால் பிறக்கும் லித்தியம்-9, பாசிட்ரான்-நியூட்ரான் தாளத்தை அப்படியே போலியாகப் போட்டுக் காட்டும். அதை எப்படிப் பிரித்தெடுப்பது என்று உருவகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லப்போனால் மறுபடியும் தண்ணீரைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பிஸ்கட் டின் இன்னும் பாட்டி வீட்டில்தான் ஓடுகிறது. நுழைவு வரம்பை உயர்த்தி, உள்ளே ஒரு வெப்பமானியும் பொருத்திவிட்டேன். எண்கள் தாமாகவே என் கணினிக்கு வந்துவிடும். போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பநிலை திடீரென்று ஆறு பாகை இறங்கி, ஒரு மணி நேரத்தில் மெல்ல மேலேறியது. மழையா என்று கேட்க அழைத்தேன். பெட்டி பாவம் வேகுதே என்று, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டி அதன்மேல் ஈரத்துண்டு போட்டு வருகிறாராம். தண்ணீர் உள்ளே இறங்காமல் நன்றாகப் பிழிந்துதான் போடுகிறேன் என்றார். துண்டு போடும் நேரத்தையும் எடுக்கும் நேரத்தையும் நாள்காட்டியில் எழுதி வைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.